நியாயம் கேட்கக் கிளம்பும் மதச் சமூகங்கள் எங்கே சறுக்குகின்றன?

ஒருமுறை மனு கொடுக்கப் போன குழுவில் நானும் இருந்தேன். நான்கு மதங்களைச் சேர்ந்த பெரியவர்கள் ஐந்து பேர், பின்னால் காகிதக் கட்டோடு நான். ஒரு குடியிருப்பைக் காலிசெய்யச் சொல்லி உத்தரவு வந்திருந்தது. அந்த மக்களுக்காகப் பேசப் போனோம். மனுவை எழுதியதும் நான்தான். பதினோரு கோரிக்கைகள், ஒவ்வொன்றுக்கும் பொருத்தமாக ஒரு வேத வாக்கு.

அதிகாரி எழுந்து நின்று வரவேற்றார். மனுவை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தார். பிறகு மரியாதையாகவே கேட்டார்: “ஐயா, இந்தப் பதினொன்றில் என் கையெழுத்தால் நடக்கக்கூடியது எது?”

ஐந்து பெரியவர்களும் என்னைப் பார்த்தார்கள். நான் மனுவைப் பார்த்தேன்.

யாருக்காகப் போனோமோ அவர்கள் வாசலில் நின்றிருந்தார்கள். உள்ளே நாற்காலி குறைவு என்று நாங்களே சொல்லி நிறுத்திவைத்திருந்தோம். வெளியே வந்து நடந்ததைச் சொன்னதும் ஒரு அம்மா யோசிக்கக்கூட இல்லை. “மூணாவதுதான் தம்பி. தேதியைத் தள்ளிவைக்கிறது. கதவுல ஒட்டின நோட்டீசுல இவரு கையெழுத்துதானே இருந்துச்சு.”

கோயில், சபை, பள்ளிவாசல், விகாரை, மடம் என்று எதுவாக இருந்தாலும், பொது விஷயத்தில் குரல் கொடுக்கக் கிளம்பும்போது நடக்கும் தவறுகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு காட்சிக்குள் அடங்கிவிடும். மதச் சமூகத்திடம் வேறு யாரிடமும் இல்லாத வசதிகள் உண்டு. வாரம் தவறாமல் கூடும் கூட்டம், பூட்டாத கட்டடம், கணக்குக் கேட்காமல் காசு போடும் நம்பிக்கை, எல்லை தாண்டியும் கடிதம் போட்டால் பதில் எழுத ஆட்கள். அதே இடத்தில் ஒரு கெட்ட பழக்கமும் வளர்கிறது. முன்னால் நிற்பவர் பேசுவார், எதிரே இருப்பவர்கள் கேட்பார்கள். குறுக்குக் கேள்வி கிடையாது. இப்படியே முப்பது வருடம் பேசிப் பழகிய ஒருவரை ஒரு போராட்டத்தின் முன்வரிசையில் நிறுத்தினால், அவர் பேசத்தான் செய்வார். கேட்கும் வேலையை யாராவது சொல்லித்தர வேண்டும்.

பாதிக்கப்பட்டவரை வாசலில் நிறுத்துவது

நல்ல உள்ளங்கள்தான் இதை அதிகமாகச் செய்கின்றன. அதனால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

1787-ல் லண்டனில் அடிமை வணிகத்தை ஒழிக்க ஒரு சங்கம் தொடங்கினார்கள். தொடக்க உறுப்பினர் 12 பேரில் 9 பேர் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர். மத நம்பிக்கையிலிருந்து பிறந்த பொது இயக்கத்துக்கு இதைவிடப் பெரிய உதாரணம் குறைவு. மட்பாண்ட உற்பத்தியாளர் ஜோசையா வெட்ஜ்வுட் இயக்கத்துக்காக ஒரு பதக்கம் செய்துகொடுத்தார். சங்கிலி பூட்டிய ஒரு கறுப்பின மனிதர் மண்டியிட்டுக் கைகூப்பி, ‘நானும் மனிதன் இல்லையா, சகோதரன் இல்லையா’ என்று கேட்பதுபோல ஒரு படம். பெண்கள் அதைக் கைவளையிலும் கொண்டை ஊசியிலும் பதித்துக்கொண்டார்கள். இயக்கம் பரவியதில் அந்தப் படத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

ஆனால் படத்தை இன்னொரு முறை பாருங்கள். அவர் மண்டியிட்டிருக்கிறார். எதிரே நிற்பவர் யார் என்று படத்தில் இல்லை, அதைக் கையில் வைத்துப் பார்ப்பவர்தான் அந்த ஆள். கொடுப்பவர் மேலே, கேட்பவர் கீழே. அடிமைத்தனத்தை எதிர்த்த படத்திலேயே அந்த மேல்கீழ் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. அதே காலத்தில் ஒலாடா எக்வியானோ என்ற மனிதர், தானே அடிமையாக விற்கப்பட்டு, பின்பு தன் விடுதலையைக் காசு கொடுத்து வாங்கியவர், 1789-ல் தன் வாழ்க்கையைத் தானே எழுதி வெளியிட்டு, ஊர் ஊராகப் போய் விற்றார், பேசினார். அவர் எங்கேயும் மண்டியிடவில்லை.

இன்றைய நிதி திரட்டும் துண்டறிக்கைகளில் அந்த மண்டியிட்ட படத்தின் பேரப்பிள்ளைகள் ஏராளம். அழும் குழந்தை, கைநீட்டிய முதியவர். இதைப் போடாதீர்கள் என்று கூட்டங்களில் சொன்னால், “படம் இல்லாவிட்டால் யார் சார் காசு தருவார்கள்?” என்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் இரக்கத்தில் வந்த காசு இரக்கம் தீர்ந்ததும் நின்றுவிடும். உரிமை என்று புரிந்தவர்தான் மறுவருடமும் வருவார்.

இதை வேறு மாதிரி செய்துகாட்டியவர்கள் உண்டு. கிழக்கு லண்டனில் தேவாலயங்கள், பள்ளிவாசல்கள், பள்ளிகள், தொழிற்சங்கங்கள் சேர்ந்து நடத்திய ஒரு கூட்டமைப்பு 2001-ல் ‘வாழ்வதற்குப் போதுமான கூலி’ என்ற இயக்கத்தைத் தொடங்கியது. பெரிய வங்கி ஒன்றின் பங்குதாரர் கூட்டத்துக்குப் பங்கு வாங்கிக்கொண்டு உள்ளே போனார்கள். எழுந்து பேசியவர் பாதிரியாரோ இமாமோ இல்லை. அந்த வங்கித் தலைவரின் அலுவலகத்தை இரவில் துடைத்துப் பெருக்கும் தொழிலாளி. தன் சம்பளத்தில் குடும்பம் நடத்துவது எப்படி என்று தலைவரிடமே நேருக்கு நேர் சொன்னார். மதத் தலைவர்கள் அங்கே இருந்தார்கள், அவருக்குப் பின்னால். அவர்கள் செய்தது அவர் தனியாக நிற்காமல் பார்த்துக்கொண்டதுதான். அது சின்ன வேலை இல்லை. நாளைக்கு வேலை போனால் துணைக்கு யார் என்ற கேள்விக்கு அவரிடம் பதில் இருந்தது.

பின்னால் நிற்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. 1924-ல் வைக்கத்தில், கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்கும் உரிமைக்காகச் சத்தியாகிரகம் தொடங்கியபோது, முன்னணியில் நின்றவர்களில் ஒருவரான ஜார்ஜ் ஜோசப் கிறிஸ்தவர். பஞ்சாபிலிருந்து அகாலிச் சீக்கியர்கள் வந்து தொண்டர்களுக்கு இலவச உணவுக்கூடம் நடத்தினார்கள். இது இந்துக்கள் தாங்களே செய்யவேண்டிய பரிகாரம், மற்றவர்கள் ஒதுங்கி நிற்கட்டும் என்றார் காந்தி. உணவுக்கூடம் மூடப்பட்டது. ‘வெளியாள் புகுந்து குழப்பினான்’ என்று எதிர்த்தரப்பு சொல்ல இடம் கொடுக்காத யோசனை அது. ஆனால் தெருவில் நடக்க முடியாமல் நின்றவருக்கு அது எப்படிப் பட்டிருக்கும்? தடுத்தவர்களின் மனமாற்றம் வரைக்கும் காத்திரு, உதவிக்கு வந்தவனையும் திருப்பி அனுப்பு என்றல்லவா? எனக்கு இதில் முழுத் தெளிவு கிடையாது. ஒன்று மட்டும் சொல்வேன்: துணைக்கு வந்தவர் முன்னே வரலாமா, பின்னே நிற்பதா, போய்விடுவதா என்பதை முதலில் கேட்கவேண்டியது, அந்தத் தெரு யாருக்கு மூடப்பட்டிருக்கிறதோ அவர்களிடம்.

சொந்த வீட்டைப் பூட்டிவைத்துவிட்டு ஊருக்கு நியாயம் சொல்வது

பார்படோஸ் தீவில் காட்ரிங்டன் என்ற கரும்புத் தோட்டம். 18-ஆம் நூற்றாண்டில் அதன் உரிமையாளர் இங்கிலாந்துத் திருச்சபையின் நற்செய்திச் சங்கம். அங்கே வேலை செய்த அடிமைகளின் மார்பில் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் ‘சொசைட்டி’ என்ற சொல்லைச் சூடு போட்டிருந்தார்கள். இன்னாருடைய சொத்து என்று அடையாளம் தெரிவதற்காக. இதற்காக அந்தத் திருச்சபையின் பேரவை மன்னிப்புக் கேட்டது 2006-ல்.

குவேக்கர்கள் மட்டும் பிறவியிலேயே சுத்தமா என்றால் அதுவும் இல்லை. 1688-ல் பென்சில்வேனியாவின் ஜெர்மன்டவுனில் நான்கு பேர் அடிமைமுறைக்கு எதிராக ஒரு மனு எழுதிச் சபைக்குக் கொடுத்தார்கள். உள்ளூர்ச் சபை, விஷயம் பெரியது என்று சொல்லி மேல்சபைக்கு அனுப்பியது. மேல்சபை அதற்கும் மேலே அனுப்பியது. ஆண்டுச் சபை அதை ஓரமாக வைத்துவிட்டது. அரசு அலுவலகக் கோப்பு ஒன்று மேசை மேசையாக நகர்வதை நாம் கிண்டல் செய்கிறோமே, அதேதான்.

1738-ல் பெஞ்சமின் லே என்ற குவேக்கர், ஆண்டுக் கூட்டத்துக்குப் போர்வை போர்த்தியபடி வந்தார். கையில் வேதப் புத்தகம்போல ஒன்று. உள்ளே குடைந்து, சிவப்புப் பழச்சாறு நிரப்பிய பை ஒன்றை மறைத்து வைத்திருந்தார். அடிமை வைத்திருப்பவர்களைக் கடவுள் இப்படித்தான் ரத்தம் சிந்தவைப்பார் என்று சொல்லிக்கொண்டே வாளை உருவிப் புத்தகத்தில் குத்தினார். பக்கத்திலிருந்தவர்கள் மேலெல்லாம் சிவப்பு தெறித்தது. ஆளைத் தூக்கி வெளியே போட்டார்கள் என்று படித்தால் ஆச்சரியப்பட மாட்டீர்கள். சபையும் அவரைத் தன்னவர் இல்லை என்று அறிவித்தது. பிலடெல்பியா ஆண்டுச் சபை, உறுப்பினர்கள் அடிமை வைத்திருக்கக் கூடாது என்று முடிவாகச் சொன்னது 1776-ல். முதல் மனுவுக்கும் இதற்கும் இடையில் 88 வருடம்.

ஆனால் அந்த 88 வருடச் சண்டை வீண்போகவில்லை. 1783-ல் பிரிட்டனின் குவேக்கர்கள் நாடாளுமன்றத்துக்கு மனுக் கொடுத்தபோது, ‘முதலில் நீங்கள் விடுங்கள் பார்க்கலாம்’ என்று யாரும் மடக்க முடியவில்லை. வீட்டுக்குள் முதலில் சண்டை போட்டு முடித்திருந்தார்கள்.

இன்றைக்கும் இதே கணக்குத்தான். குறைந்தபட்சக் கூலிக்கு அறிக்கை விடும் நிறுவனம், தன் வளாகத்தைக் கூட்டுபவருக்கு என்ன கொடுக்கிறது? பெண் உரிமை பேசும் சபையின் நிர்வாகக் குழுவில் எத்தனை பெண்கள்? குழந்தைகளைப் பற்றிய புகார் வந்தால் அதை விசாரிப்பது வெளியாளா, புகாருக்கு உள்ளானவரின் சகாவா? அயர்லாந்தில் கன்னியர் மடங்கள் நடத்திய மக்தலேன் சலவைக்கூடங்களில் பெண்கள் அடைத்துவைக்கப்பட்டுக் கூலியில்லாமல் உழைத்தார்கள். கடைசிக் கூடம் மூடியது 1996-ல். உள்ளே நடந்ததை வெளியே சொன்னால் சமயத்துக்கு இழுக்கு என்று நினைத்தவர்கள் எல்லாரும் சேர்ந்து, சமயத்துக்கு எத்தனை தலைமுறைக்கு இழுக்கு சேர்த்துவைத்தார்கள் என்று அங்கே போய்க் கேட்டால் தெரியும்.

பாவத்தையும் அநீதியையும் ஒன்றாகக் குழைப்பது

அமெரிக்காவின் மதுவிலக்கு இதற்குப் பாடப்புத்தகம். பெண்கள் கிறிஸ்தவ மதுவிலக்குச் சங்கம் 1874-ல் தொடங்கியபோது அதற்குப் பின்னால் உண்மையான வேதனை இருந்தது. சம்பள நாளன்று காசு சாராயக் கடையில் தீர்ந்தது, அடி வீட்டுக்கு வந்தது. சொத்துரிமையும் வாக்குரிமையும் இல்லாத மனைவிக்கு வேறு வழி கிடையாது. அந்தச் சங்கமே பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுப் போராடியது. இதுவரை இது நியாயத்துக்கான போராட்டம்.

போகப்போக, அடிபடும் பெண் பின்னுக்குப் போய்விட்டாள், குடி என்ற பாவம் முன்னுக்கு வந்துவிட்டது. 1920-ல் நாடு முழுக்கத் தடை வந்தது. கள்ளச் சந்தை பெருத்தது. தொழிற்சாலைச் சாராயத்தில் அரசு கலக்கச் சொன்ன விஷத்தால் குடித்தவர்கள் செத்தார்கள். 1933-ல் அரசியலமைப்புத் திருத்தத்தையே திரும்ப எடுத்துக்கொண்டார்கள். இதில் எனக்கு மிகவும் பிடித்த, அதாவது மிகவும் உறுத்துகிற, ஒரு விவரம் உண்டு: வழிபாட்டில் பயன்படும் திராட்சை ரசத்துக்கு அந்தச் சட்டத்தில் விலக்கு இருந்தது. ஊருக்கெல்லாம் தடை, பலிபீடத்துக்கு விலக்கு.

ஒரு கோரிக்கையை எழுதும்போது நான் இப்போது கேட்டுக்கொள்ளும் கேள்வி: இது நிறைவேறினால் யாருடைய முதுகில் இருக்கும் சுமை இறங்கும்? ஆளைச் சுட்டிக்காட்ட முடிந்தால் அது நியாயக் கோரிக்கை. ‘சமுதாயம் சுத்தமாகும்’ என்று மட்டும் பதில் வந்தால், நம் வீட்டு விதியை அடுத்தவர் வீட்டுச் சுவரில் எழுதப் பார்க்கிறோம் என்று சந்தேகப்படலாம்.

மொழி விஷயமும் இதோடு ஒட்டியது. வேத வசனம் மட்டுமே காரணம் என்றால், அந்த வேதத்தை ஏற்காதவரிடம் பேச நமக்கு ஒன்றும் இல்லை. அதற்காக மத வாசனையே இல்லாமல் தொண்டு நிறுவன அறிக்கைபோல எழுதினாலும் சப்பென்றுதான் இருக்கும். நம் ஆட்களே படிக்க மாட்டார்கள். இரண்டு மொழியும் வேண்டும்.

சீக்கிரமே சமாதானம் பேசுவது

1963 ஏப்ரல் 12. அமெரிக்காவின் அலபாமா மாநிலம் பர்மிங்ஹாமில், இனப் பிரிவினையை எதிர்த்த ஆர்ப்பாட்டத்தில் மார்ட்டின் லூதர் கிங் கைதான அதே நாளில், அந்த மாநிலத்து வெள்ளையின மதகுருமார் எட்டுப் பேர் கையெழுத்திட்ட அறிக்கை வெளியானது. ஆயர்கள், போதகர்கள், ஒரு யூத ரபி. ஆர்ப்பாட்டங்கள் புத்திசாலித்தனமானவை இல்லை, நேரமும் சரியில்லை, நீதிமன்றத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று சொன்னார்கள். கிங் சிறைக்குள் செய்தித்தாளின் ஓரங்களிலேயே பதிலை எழுதத் தொடங்கினார். அந்தப் பதில்தான் உலகப் புகழ்பெற்ற சிறைக் கடிதம்.

அந்த எட்டுப் பேரை வில்லன்களாகக் கற்பனை செய்தால் தவறு புரியாது. இனப் பிரிவினையை விடமாட்டேன் என்று ஆளுநர் முழங்கிய அதே வருட ஜனவரியில், அவர்களில் பெரும்பாலோர் அதற்கு எதிராகவும் அறிக்கை விட்டவர்கள். மிதவாதிகள். ஊர் அமைதியாக இருக்கவேண்டும் என்று மனதார விரும்பியவர்கள். அவர்களுக்கு இருந்த அமைதி மற்றவர்களுக்கும் இருப்பதாக நினைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். நம் எல்லாக் கூட்டங்களிலும் இந்த எட்டுப் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். பல நாள் நானே அவர்களில் ஒருவனாக இருந்திருக்கிறேன். “இப்ப வேண்டாமே, தேர்தல் முடியட்டும்” என்று சொன்ன வாய்தான் இது.

1985-ல் தென்னாப்பிரிக்க இறையியலாளர்கள் வெளியிட்ட கைரோஸ் ஆவணம் இந்த நோயைச் சரியாகப் பிரித்துக் காட்டியது. அரசுக்குத் துதிபாடும் இறையியல் ஒன்று. அதைவிடப் பிடிபடாதது, ‘இரு தரப்பும் மனம் திருந்தி ஒப்புரவாகட்டும்’ என்று பொத்தாம்பொதுவாகப் பேசும் சபை இறையியல். அடிப்பவனும் அடிபடுபவனும் சமமாக மன்னிப்புக் கேட்கவேண்டும் என்பதுபோல. நீதி வராமல் ஒப்புரவு வராது என்றது ஆவணம்.

அந்த நாட்டிலேயே இன்னும் பழைய உதாரணம் ஒன்று உண்டு. 1857-ல் டச்சுச் சீர்திருத்தச் சபையின் பேரவை கூடியது. எல்லா இனத்தவரும் ஒன்றாக வழிபடுவதே வேதத்துக்கு ஏற்றது என்று ஒப்புக்கொண்டது. அடுத்த வரியிலேயே, ‘சிலருடைய பலவீனத்தின் பொருட்டு’ தனித்தனி வழிபாட்டையும் அனுமதித்தது. யாரும் கோபித்துக்கொண்டு போய்விடக் கூடாதே என்ற சின்ன விட்டுக்கொடுத்தல். 1881-ல் தனிச் சபையே உருவானது. பிறகு நிறவெறி அரசுக்கு இறையியல் எழுதிக்கொடுத்ததும் அதே சபைக் குடும்பம்தான். பலவீனர் என்று அந்த வாக்கியம் சொன்னது வெள்ளையர்களை என்பதையும் கவனியுங்கள்.

கோரிக்கை புரியாமல் கூட்டம் சேர்ப்பது

என் பதினோரு கோரிக்கைக் கதைக்குத் திரும்புகிறேன். மனு நீளமாக நீளமாக, அதைப் படிப்பவருக்குத் தப்பிக்க வழிகள் கூடும். ஆறாவதையும் ஒன்பதாவதையும் ‘பரிசீலிக்கிறோம்’ என்று எழுதி அனுப்பிவிடலாம்.

கடன் தள்ளுபடிக்காகத் தொடங்கிய ஜூபிலி 2000 இயக்கத்தைப் பாருங்கள். விஷயம் சாதாரணமானதா? பன்னாட்டுக் கடன், வட்டி, நிதி நிறுவனங்கள் என்று தலை சுற்றும். ஆனால் கோரிக்கை ஒற்றை வரி: ஏழை நாடுகளின் தீர்க்க முடியாத கடன்களை 2000-ஆம் ஆண்டுக்குள் ரத்து செய்யுங்கள். ஐம்பதாவது வருடம் கடனை விட்டுக்கொடுத்து, அடிமைகளை விடுவிக்கச் சொல்லும் பழைய யூதச் சட்டத்திலிருந்து பெயரை எடுத்தார்கள். கெடு ஆண்டும் அந்தப் பெயருக்குள்ளேயே இருந்தது. 1998 மே 16-ல் எட்டு வல்லரசுகளின் தலைவர்கள் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் கூடியபோது, சுமார் 70,000 பேர் கைகோத்து நகர மையத்தைச் சுற்றி நின்றார்கள். அவர்களில் யாரிடம் மைக்கை நீட்டினாலும் ஒரே பதில்தான் வந்திருக்கும். மறுவருடம் கொலோன் மாநாட்டில் தள்ளுபடித் திட்டத்தை விரிவாக்க ஒப்புக்கொண்டார்கள். கேட்டது முழுதாகக் கிடைக்கவில்லை என்பதும் உண்மை.

கோரிக்கைக்குப் பிறகு நிர்வாகம். பேருந்தில் இருந்த இனப் பிரிவினையை எதிர்த்து அலபாமாவின் கறுப்பின மக்கள் நடத்திய மான்ட்கோமரி நகரப் பேருந்துப் புறக்கணிப்பு என்றால் எல்லாருக்கும் உரைகள்தான் ஞாபகம் வரும். அது 381 நாள் ஓடியதற்குக் காரணம், காலை ஐந்து மணிக்கு வேலைக்குப் போகவேண்டிய வீட்டுவேலைப் பெண்ணை யாரோ காரில் கொண்டுபோய் விட்டதுதான். தேவாலய மைதானங்கள் கார் நிறுத்தங்களாயின. சபைகளின் பெயரில் பெரிய வண்டிகள் வாங்கினார்கள். உருளும் தேவாலயங்கள் என்று அவற்றுக்குச் செல்லப் பெயர். எதிர்த்தரப்பு, காப்பீட்டை ரத்துசெய்யவைத்து வண்டிகளை நிறுத்தப் பார்த்தது. கடைசியில் சபைகள் கடல் தாண்டி லண்டனின் லாய்ட்ஸ் மூலம் காப்பீடு எடுத்து ஓட்டின. பிரசங்கம் செய்தவர் பெயர் நமக்குத் தெரியும். காப்பீட்டுக் காகிதத்துக்கு அலைந்தவர் பெயர் தெரியாது. உங்கள் குழுவில் அந்த இரண்டாவது ஆள் இருக்கிறாரா என்று முதலில் பாருங்கள்.

இன்னொன்றும் அதே ஊரிலிருந்து. பேருந்தில் வெள்ளையருக்கு இருக்கையை விட்டுக்கொடுக்க மறுத்து ரோசா பார்க்ஸ் கைதான இரவிலேயே, கல்லூரி ஆசிரியை ஜோ ஆன் ராபின்சன் தன் கல்லூரியின் படியெடுக்கும் இயந்திரத்தில் விடிய விடியத் துண்டறிக்கைகள் அச்சிட்டார். பெண்கள் அரசியல் மன்றம் என்ற அமைப்பு அதற்கு முன்பே பேருந்துப் பிரச்சினையை எடுத்துப் பேசி வந்தது. போதகர்கள் பிறகுதான் வந்தார்கள். வந்தவர்களில் சிலர், வெள்ளையர் காதுக்குப் போகாமல் ரகசியமாக நடத்தலாமே என்று இழுக்க, ரயில்வே போர்ட்டரான இ.டி. நிக்சன் வெடித்துவிட்டார். இந்த ஏழைச் சலவைக்காரப் பெண்களின் காசில் இத்தனை காலம் பிழைத்துவிட்டு இப்போது அவர்களுக்காக நிற்கப் பயமா என்ற தொனியில் கேட்டார். மேடையில் உடுப்போடு உட்காரும் ஆண்கள் கூட்டம் மட்டுமே ஒரு சமயத்தின் குரல் என்று நினைப்பது எவ்வளவு பெரிய தவறு என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

வேகமாகச் சொல்லிவிடக்கூடிய சில

கட்சிக்காரர் மேடையில் ஏறுவது. ஒரு கோரிக்கையை எல்லாக் கட்சிகளிடமும் கொண்டுபோகலாம். ஒரு வேட்பாளருக்கு வழிபாட்டு மேடையைக் கொடுத்தால், மறுநாள் முதல் அவர் செய்யும் எல்லாவற்றுக்கும் நீங்கள் பதில் சொல்லவேண்டிவரும். அவர் ஜெயித்தால் இன்னும் மோசம்.

பல்சமயப் புகைப்படம். ஆளுக்கொரு நிற உடையில் ஐவர் கைகோத்து நிற்கும் படத்தை நான் எத்தனையோ முறை எடுக்கச் சொல்லியிருக்கிறேன். படத்துக்குப் பிறகு அந்த ஐவரும் ஒருவருக்கொருவர் தொலைபேசியில் பேசுவார்களா என்பதுதான் கேள்வி. கலவரம் வரும் இரவில் உதவுவது அந்தத் தொலைபேசி எண்தான்.

சரிபார்க்காத செய்தியைப் பிரசங்கத்தில் சொல்வது. இதை மட்டும் வேகமாகக் கடக்க முடியவில்லை. எல் சால்வடோரின் பேராயர் ஆஸ்கர் ரொமேரோ, ஞாயிறுதோறும் தன் மறையுரையில் அந்த வாரம் கொல்லப்பட்டவர்கள், காணாமல் போனவர்கள் விவரத்தைப் பெயரோடு வாசித்தார். திருச்சபையின் வானொலியில் அது நாடு முழுக்கக் கேட்டது. வாசிக்கும் முன் அவருடைய சட்ட உதவி அலுவலகம் குடும்பங்களைச் சந்தித்து, சாட்சியம் எழுதி, ஒவ்வொன்றையும் சரிபார்த்தது. எதிரிகள் அவரைக் கம்யூனிஸ்ட் என்றார்கள், வானொலி நிலையத்துக்குக் குண்டு வைத்தார்கள், 1980 மார்ச் 24-ல் திருப்பலி நேரத்திலேயே சுட்டுக் கொன்றார்கள். அவர் வாசித்த பட்டியலை மட்டும் அவர்களால் பொய்யாக்க முடியவில்லை. கைபேசியில் வந்ததை அப்படியே மைக்கில் படிக்கும் இன்றைய பெரியவர்களுக்கு இதைச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். பாதிப் பேர் கேட்கிறார்கள்.

சட்டம் வந்ததும் வீட்டுக்குப் போய்விடுவது

வெற்றி விழா எடுத்து, பிரார்த்தனை நடத்தி, பொருளாளர் கணக்கை முடித்து, குழுவைக் கலைத்துவிடுவோம். சட்டத்தின் உட்பிரிவுகளை அப்புறம் யாரும் படிப்பதில்லை.

பிரிட்டன் 1833-ல் அடிமை ஒழிப்புச் சட்டம் நிறைவேற்றியது. தேவாலயங்களில் நன்றி வழிபாடுகள் நடந்தன. சட்டத்தில் நஷ்டஈடு 2 கோடி பவுண்டு என்று இருந்தது. அது அடிமைகளாக இருந்தவர்களுக்கு இல்லை, அவர்களை வைத்திருந்த முதலாளிகளுக்கு. விடுதலையும் உடனே இல்லை. ‘பயிற்சிக்காலம்’ என்று பெயர் வைத்து, வயலில் வேலை செய்தவர்கள் மேலும் ஆறு வருடம், வாரம் 45 மணி நேரம் வரை, அதே முதலாளிக்குக் கூலியில்லாமல் உழைக்கவேண்டும் என்றார்கள். 1834 ஆகஸ்ட் 1-ல் டிரினிடாட்டின் ஆளுநர் மாளிகை முன்பு கூடிய மக்களுக்கு ஆளுநர் இதை விளக்கப் பார்த்தார். வந்திருந்தவர்களில் நிறையப் பேர் முதியவர்கள். ‘ஆறு வருஷம் வேண்டாம்’ என்று அவர்கள் சேர்ந்து சொல்லத் தொடங்கினார்கள். ஆளுநரின் குரல் அதில் அமுங்கிப்போனது.

லண்டனில் பெரும்பாலோருக்குப் போராட்டம் முடிந்திருந்தது. ஜோசப் ஸ்டர்ஜ் என்ற குவேக்கருக்கு மட்டும் சந்தேகம். 1836-ல் கப்பலேறி மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போனார். சில நண்பர்களோடு தோட்டம் தோட்டமாகச் சென்று, பயிற்சியாளர் என்று பெயர் மாற்றப்பட்டவர்களிடம் என்ன நடக்கிறது என்று கேட்டு எழுதிக்கொண்டார். ஜமைக்காவிலிருந்து ஜேம்ஸ் வில்லியம்ஸ் என்ற இளைஞரை மீட்டு இங்கிலாந்துக்கு அழைத்துவந்தார். சாட்டையடியையும் சிறையில் தண்டனையாக மிதிக்கவைத்த சக்கரத்தையும் பற்றி வில்லியம்ஸ் சொல்லச் சொல்ல எழுதப்பட்ட வாக்குமூலம் 1837-ல் அச்சானது. மறுவருடம் ஆகஸ்ட் 1-ல், குறித்த கெடுவுக்கு இரண்டு வருடம் முன்பாகவே, அந்தப் பயிற்சிக்காலம் முடிவுக்கு வந்தது.